இணையத்துக்கும் வயலுக்கும் நடுவே ஓர் ஆள்

2004 அக்டோபர் 18 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தில்லியில் இருந்தபடியே தமிழ்நாட்டின் மூன்று ஊர்களில் கிராம வள மையங்களைத் திறந்து வைத்தார். ஒன்று காவிரிக் கரையின் திருவையாறு, இன்னொன்று இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடம், மூன்றாவது திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டி. செயற்கைக்கோள் இணைப்பை இஸ்ரோ கொடுத்தது. ஊருக்குள் நின்று வேலை பார்க்கும் பொறுப்பை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்றுக்கொண்டது. சென்னைத் தரமணியில் உள்ள அந்நிறுவனத்தில் வல்லுநர் ஒருவர் திரைக்கு முன் உட்காருவார், செம்பட்டியில் விவசாயிகள் உட்காருவார்கள், இரு தரப்பும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். இஸ்ரோவின் முதல் கிராம வள மையங்கள் இவைதாம். பிற்பாடு நாடெங்கும் 470க்கும் அதிகமான இடங்களில் அவை அமைந்தன.

செம்பட்டி பெரிய ஊரில்லை. திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் சாலைகள் கூடுகிற இடம். பஸ் மாற இறங்குகிறவர்கள் அதிகம். மேற்கே கொடைக்கானல் மலை, கிழக்கே சிறுமலை, நடுவில் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய செம்மண். இந்தச் சமவெளியில் இணையம் வந்து பரவிய கதையைத் தொடர்ந்து பார்த்துவரும்போது ஒன்று எனக்குத் தெளிவாகிறது. கம்பி எந்த ஆண்டு வந்தது, வேகம் எவ்வளவு என்பவை கதையின் பாதிதான். கம்பியின் இந்த முனையில் யார் உட்கார்ந்திருந்தார், வந்தவருக்கு என்ன பதில் சொன்னார் என்பதுதான் ஒவ்வொரு கட்டத்திலும் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானித்திருக்கிறது.

முதல் கட்டத்தில் அந்த ஆள் ஓர் அரசு அலுவலர். மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15 அன்று. அப்போது உலகில் இணையத்தின் அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. 1969 அக்டோபர் 29 இரவு லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனக் கணினிக்கு ஒரு சொல்லை அனுப்ப முயன்று, இரண்டு எழுத்து போனதுமே அந்தப் பக்கத்துக் கணினி நின்றுபோனது. அதுதான் அர்ப்பாநெட்டின் முதல் செய்தி. செய்தியைச் சிறு பொட்டலங்களாக உடைத்து, வழி கிடைத்த பக்கமெல்லாம் அனுப்பி, போய்ச் சேருகிற இடத்தில் மறுபடி கோத்துக்கொள்வது அதன் உத்தி. 1983 ஜனவரி 1 அன்று அந்த வலை டிசிபி/ஐபி நெறிமுறைக்கு மாறியது. வெவ்வேறு வலைகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது இலக்கணம் அதில் கிடைத்தது. இந்தியாவில் மின்னணுத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து 1986இல் எர்னெட் என்னும் கல்வி வலையைத் தொடங்கின. தமிழ்நாட்டில் அதன் முனையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்தது.

மாவட்டங்களுக்கு வந்தது வேறொரு வலை. தேசியத் தகவலியல் மையம் 1980களின் கடைசியிலிருந்து மாவட்டத் தலைநகரங்களைச் சிறு செயற்கைக்கோள் நிலையங்கள் வழியாக இணைக்கத் தொடங்கியது. நிக்நெட் என்று பெயர். மாவட்டப் புள்ளிவிவரங்கள் கலெக்டர் அலுவலகங்களிலிருந்து தில்லிக்குப் பறந்தன. ஆனால் மனுவோடு வரிசையில் நின்றவருக்கு அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பது தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அவரைப் பற்றிய தகவல் மேலே போயிற்று, அவருக்கான தகவல் கீழே வரவில்லை.

பொதுமக்களுக்கான இணையத்தை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பெருநகரங்களில் தொடங்கியது. திண்டுக்கல்லில் கணினி வைத்திருந்தவருக்கு அதனால் கிடைத்தது குறைவு. இணைப்பு முனையம் இருந்த நகருக்கு மோடம் எஸ்டிடி போட்டாக வேண்டும். இணையக் கட்டணம் ஒரு பக்கம் ஓட, தொலைபேசி மீட்டர் இன்னொரு பக்கம் ஓடும். எஸ்டிடி பூத் வாசலில் கால் கட்டண நேரத்துக்காக இரவு 11 மணி வரை மக்கள் காத்திருந்த காலம் அது. தொலைவுக்குத் தகுந்த காசு என்ற தொலைபேசி இலக்கணம், தொலைவே இல்லை என்று சொல்லிக்கொண்ட இணையத்தின் மேல் இப்படி ஏறி உட்கார்ந்தது. பெருநகரங்களிலிருந்து எழுதப்பட்ட இணைய வரலாறுகளில் இந்தச் சுமைக்கு இடம் கிடைத்ததில்லை. சிறு நகரம் சில ஆண்டுகள் பின்தங்கியதற்கு ஆர்வக்குறைவு காரணமில்லை, மீட்டர்தான் காரணம்.

1998 நவம்பரில் தனியார் சேவை நிறுவனங்களுக்கு அரசு கதவைத் திறந்தது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே முதலில் வந்தது. 2000 அக்டோபர் 1 அன்று பிஎஸ்என்எல் தனி நிறுவனமாகி, 172 என்று தொடங்கும் எண்ணை உள்ளூர்க் கட்டணத்தில் அழைத்தால் இணையம் கிடைக்கும் நிலை மாவட்ட நகரங்களுக்கும் வந்தது. அதன் பிறகுதான் பிரவுசிங் சென்டர் என்ற கடை பெருகியது. பல இடங்களில் அது எஸ்டிடி பூத்தின் தொடர்ச்சி: அதே உரிமையாளர், அதே அறை, கண்ணாடிக் கூண்டை எடுத்துவிட்டுப் பலகைத் தடுப்புகள், மூன்று நான்கு கணினிகள்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளில் இந்தக் கடைகளின் வேலை முழுதாகத் தெரியும். பிள்ளையின் பதிவெண் எழுதிய துண்டுச் சீட்டைத் தகப்பனார் நீட்டுவார், கடைக்காரர் தட்டெழுதுவார், பக்கம் திறக்க நேரம் பிடிக்கும், மதிப்பெண் தாள் அச்சாகி வரும். அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு மீதமிருக்கிறது என்பதையும் அவர்தான் பார்த்துச் சொல்வார். 2002 ஆகஸ்டில் ரயில்வே இணையவழி முன்பதிவைத் தொடங்கிய பிறகு டிக்கெட்டும் அவர் கைக்கு வந்தது. நூற்பாலைக்கும் தோல் தொழிற்சாலைக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களில் முதல் பட்டதாரிக்கான மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர் பெரும்பாலும் ஒரு கடைக்காரர். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு கல்விப் பணியை மணிக்கணக்கு வாடகையில் அவர்கள் செய்தார்கள். திண்டுக்கல் நகர வரலாறுகளில் பூட்டுக்கும் புகையிலைக்கும் கிடைத்த பக்கங்கள் இவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

அவர்கள் தேவைப்பட்டதற்கு எழுத்தும் ஒரு காரணம். அன்றைய தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவைக் கேட்டன. எழுத்துருவை நிறுவத் தெரியாவிட்டால் செய்தித்தாள் திரையில் கட்டங்களாகவும் புரியாத குறிகளாகவும் வரும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஒரு விசைப்பலகையையும் குறியேற்ற முறைகளையும் தரப்படுத்தியது. கடல் கடந்த தமிழர்களிடையே திஸ்கி என்னும் வேறொரு குறியேற்ற முறை பரவியது. யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் இருந்தும் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது தெரியத் தொடங்கியது. அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றுக்கொண்டது 2010இல். இடைப்பட்ட காலம் முழுவதும் தமிழைத் திரையில் படிப்பதே ஒரு தொழில்நுட்பத் திறமையாக இருந்தது. ஆங்கிலம் தெரியாத விவசாயிக்கு இரண்டு பூட்டு: ஒன்று மொழி, இன்னொன்று எழுத்துரு. கடைக்காரர் திறந்தால்தான் உண்டு.

இனி வயலுக்கு வருவோம். நத்தம் எல்லையைத் தாண்டினால் மேலூர் வட்டம். 2001இன் கடைசியில் அங்கே ஒரு பரிசோதனை தொடங்கியது. சாரி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதில் அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் சென்னை ஐ.ஐ.டி.யும் என்-லாக் நிறுவனமும் கைகோத்தன. ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம் அதன் முதுகெலும்பு. ஒரு கோபுரம், அதைச் சுற்றி ஏறக்குறைய 10 கிலோமீட்டர் வரை நேர்பார்வையில் உள்ள கிராமங்கள், நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகம். கேபிள் டிவிக்காரர் தெருத் தெருவாக வளர்ந்ததைப் பார்த்து ஜுன்ஜுன்வாலா இந்தத் தொழில் முறையை வகுத்தார். உள்ளூர்க்காரர் ஒருவர் ஏறக்குறைய 50,000 ரூபாய் போட்டுக் கணினி, கேமரா, அச்சுப்பொறியோடு ஒரு மையம் திறப்பார். ஊரார் கொடுக்கும் கட்டணத்தில் அது நிற்கும்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. கண்ணின் படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பயிரிலும் கால்நடையிலும் வரும் நோய்களைக் கல்லூரிப் பேராசிரியர்களிடம் கேட்டார்கள். பிறப்பு, இறப்புச் சான்றுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மேலூர் தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மனுப் போட்டார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சமாயின.

பிறகு நடந்ததை மைக்கேல் பெஸ்டும் ராஜேந்திர குமாரும் 2006, 2008 ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் எழுதியிருக்கிறார்கள். கணினி கற்று, ஆர்வத்தோடு மனுக்களைப் பார்த்துவந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கு அது முதன்மையான வேலையாகத் தோன்றவில்லை. மின்னஞ்சல் போனது, பதில் வரவில்லை. அரசு சேவை நின்றதும் மையத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள், வருமானம் இறங்கியது, சில ஆண்டுகளுக்குள் பல மையங்கள் மூடின. யார் தாக்குப்பிடித்தார்கள் என்றும் அவர்கள் பார்த்தார்கள். உரிமையாளருக்கு முன்பே கணினிப் பயிற்சி இருந்த மையங்களும், தனியாகப் பயிற்சி பெற்ற ஓர் இயக்குநரை வைத்திருந்த மையங்களும் கூடுதல் காலம் நடந்தன. அதே கோபுரம், அதே வேகம், அதே கட்டணம். வித்தியாசம் ஆளில் இருந்தது. கிராமத்து இணையம் குறித்து நம் பகுதியில் நடந்த ஆய்வுகளில் இதைவிடப் பயனுள்ள முடிவை நான் படித்ததில்லை. அடுத்தடுத்து வந்த அரசுத் திட்டங்களில் இதன் தடம் தெரியாதது எனக்கு வருத்தமே.

செம்பட்டி மையம் இந்த அனுபவத்துக்கு எதிர்த்திசையில் கட்டப்பட்டது. சுவாமிநாதன் நிறுவனம் இங்கே கணினியோடு வந்து இறங்கவில்லை. ரெட்டியார்சத்திரம் வட்டாரத்துக் கன்னிவாடியில் 1990களிலிருந்தே அவர்கள் வேலை பார்த்துவந்தார்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் ட்ரைக்கோடெர்மா போன்ற உயிரிப் பூஞ்சைக்கொல்லியைத் தயாரித்து விற்கப் பழகியிருந்தார்கள். விதை உற்பத்தி செய்யும் விவசாயிகளுக்குச் சங்கம் இருந்தது. நிறுவனம் புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்திலும் பாடம் கற்றிருந்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரத்தை அமெரிக்கக் கடற்படைத் தளத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்ன திட்டம் அது. இணையத்தை மீனவர் பார்க்கவில்லை, கேட்டார். எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்ததால் அது வேலை செய்தது.

திண்டுக்கல் சமவெளிக்கு அலை உயரம் வேண்டியதில்லை. இங்கே கேள்வி இலையில் இருக்கிறது. தக்காளி இலை ஏன் சுருள்கிறது, முருங்கைப் பூ ஏன் கொட்டுகிறது, வாழையில் வருவது வாடலா வேரழுகலா. இப்படிப்பட்ட கேள்விக்குத் தேடுபொறி ஆயிரம் பக்கம் தரும், எது தன் வயலுக்குப் பொருந்தும் என்று சொல்லாது. 2012க்குப் பின் சுவாமிநாதன் நிறுவனம் பன்னாட்டு வேளாண் அமைப்பான சிஏபிஐ-யோடு (CABI) சேர்ந்து நடத்திய பயிர் மருத்துவ முகாம்களில் இதற்கு ஒரு நல்ல வடிவம் கிடைத்தது. ஊர்ப் பொது இடத்தில் ஒரு மேசை. நோய் கண்ட செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு விவசாயி வருவார். பயிற்சி பெற்ற பயிர் மருத்துவர் பார்ப்பார், கையில் உள்ள டேப்லெட்டில் தகவல் தளத்தோடு ஒப்பிடுவார், மருந்துச் சீட்டு எழுதித் தருவார். பூச்சிமருந்துக் கடைக்காரர் சொன்னதை அப்படியே வாங்கி அடித்துப் பழகிய ஊரில், விற்பனை நோக்கமில்லாத இரண்டாவது கருத்து ஒன்று கிடைத்தது.

விலைக்கு வரும்போது கதை கடினமாகிறது. இணையம் வந்தால் விவசாயிக்குச் சந்தை விலை தெரியும், தெரிந்தால் ஏமாற மாட்டார் என்பது எல்லாத் திட்ட அறிக்கைகளிலும் உள்ள வாக்குறுதி. மத்திய அரசின் அக்மார்க்நெட் 2000ஆம் ஆண்டிலிருந்து சந்தை விலைகளை வெளியிட்டுவருகிறது. இந்த நம்பிக்கைக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது ராபர்ட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட வட கேரள மீனவர் ஆய்வு. 1997க்கும் 2001க்கும் இடையில் செல்பேசி வந்ததும், கடலில் இருந்தபடியே கரைக்குப் பேசி எந்தத் துறையில் விலை நன்றாக இருக்கிறதோ அங்கே படகைத் திருப்பினார்கள். மத்தி வீணாவது நின்றது, மீனவர் இலாபம் ஏறக்குறைய 8 விழுக்காடு கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் போகிற சந்தை. பாலக்காட்டிலும் எர்ணாகுளத்திலும் இன்று என்ன தேவை என்பது கமிஷன் கடைகளுக்குத் தொலைபேசியிலேயே தெரிந்துவிடும். விவசாயிக்கும் இன்று அந்த விலை தெரியும். ஆனால் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கிய கடைக்குத்தான் அவர் மூட்டையைக் கொண்டுபோக வேண்டும். படகைத் திருப்புவது போல மூட்டையைத் திருப்ப முடியாது. நிலக்கோட்டை மல்லிகைக்கு நெருக்கடி இன்னும் அதிகம். விடியலில் பறித்த மொட்டு அன்றைக்கே விலை போயாக வேண்டும். முகூர்த்த நாளில் விலை ஏறும் என்பதும் பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை கூடும் என்பதும் செல்பேசி இல்லாத காலத்திலேயே எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிவதற்கும் பேரம் பேசுவதற்கும் நடுவில் கடன் நிற்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் ஐடிசி நிறுவனம் 2000இலிருந்து நிறுவிய இ-சௌபால் மையங்களை அபராஜிதா கோயல் ஆராய்ந்து 2010இல் எழுதிய கட்டுரை இதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. அங்கே சோயா விலை சிறிது உயர்ந்தது உண்மை. அங்கே இணையத்தில் விலை தெரிந்ததோடு, அந்த விலைக்கு வாங்க இன்னொருவரும் வந்து நின்றார். இரண்டாவது வாங்குநர் இல்லாத இடத்தில் விலைப் பலகை வெறும் செய்திதான். திண்டுக்கல் சமவெளியில் இணையம் விவசாய வருமானத்தை ஏன் பெரிதாக மாற்றவில்லை என்று கேட்பவர்கள், கோபுரங்களை எண்ணுவதை விட்டுவிட்டு கமிஷன் கடைக் கணக்கு நோட்டைப் புரட்ட வேண்டும் என்பது என் கருத்து.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோவின் செல்பேசி இணையம் வந்ததும் பிரவுசிங் அறைகளின் காலம் முடிந்தது. 2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியபோது நொடிக்கு 256 கிலோபிட் என்பதே அகலப்பாட்டை. பதினோரு ஆண்டுக்குள் அதைவிடப் பல மடங்கு வேகம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. பிரவுசிங் சென்டர்களில் பல மூடின, சில ஜெராக்ஸ் கடைகளாயின. வேகத்தைவிடவும் பெரிய மாற்றமாக எனக்குப் படுவது 2017 ஆகஸ்டில் நடந்தது. கூகுள் தன் குரல் உள்ளீட்டில் தமிழைச் சேர்த்தது. எழுத்தறியாதவர் முதன்முறையாக யார் தயவுமில்லாமல் வலையிடம் கேள்வி கேட்க முடிந்தது. முன்பு சொன்ன இரண்டு பூட்டும் ஒரே நாளில் தளர்ந்தன.

ஆனாலும் நடுவில் இருந்த ஆள் மறையவில்லை, வேறு வேலைக்குப் போயிருக்கிறார். இன்று தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ தாலுகா அலுவலகத்திலோ உள்ள இ-சேவை மையத்துக்குப் போனால், கையில் நல்ல செல்பேசி வைத்திருப்பவர்களும் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், ஆதார் திருத்தம். விண்ணப்பம் இணையத்தில் திறந்துதான் இருக்கிறது. எந்த ஆவணத்தை எந்த அளவில் ஏற்றுவது, உட்பிரிவு எண் எங்கே, தகப்பனார் பெயரில் எழுத்து மாறியிருந்தால் என்ன செய்வது என்பவை செல்பேசிக்குள் இல்லை. பிழையானால் மனு தள்ளுபடி, மறுபடி அலைச்சல். பணம் கொடுத்தாவது தெரிந்தவர் கையால் செய்துகொள்வது நல்லது என்று மக்கள் எடுத்த முடிவு அறிவுடையது. அதை அறியாமை என்று நகரத்தில் இருந்து சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

இப்போது அடுத்த கம்பி வருகிறது. 2011 அக்டோபரில் ஒப்புதல் பெற்று 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தின்கீழ், தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் திறனுள்ள கண்ணாடி இழையைப் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே இழுக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 306 ஊராட்சிகள். கார்டெக்ட் காலத்து 70 கிலோபிட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 14,000 மடங்கு. இழை போய்ச் சேரும் அறையில் ஏற்கெனவே ஊராட்சிச் செயலர் இருக்கிறார். வீட்டுவரி, குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலைக் கணக்கு எல்லாம் அவர் தலையில். அவரிடமே இதையும் சேர்த்தால் மேலூரில் நடந்தது 306 இடத்தில் நடக்கும். அதே ஊரில் பட்டம் முடித்த பெண் ஒருவருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்து அந்த முனையில் உட்காரவைக்கலாம். காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் சின்னாளபட்டிக்கு அருகிலேயே இருக்கிறது, மகளிர் குழுக்கள் எல்லா ஊராட்சியிலும் இருக்கின்றன. இழைக்கு ஒதுக்கிய நிதியில் ஒரு பங்கை அந்தச் சம்பளத்துக்கு எழுதச் சொல்லி, வருகிற கிராமசபையிலேயே தீர்மானம் போடலாம்.